தலையெழுத்தும் கட்டியின் எழுத்தும்



"யாருக்கு எது பலிக்குமோ அதுதான் பலிக்கும், எல்லாம் தலையெழுத்து" என்று நம் மக்கள் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லுவது வழக்கம. தலையெழுத்தைப் படித்தவன் எவனுமில்லை. ஆகையால் அதைச் சொல்லி எவனும் பிழைக்கலாம். ஆனால் குடலில் வந்த புற்றுக்கட்டிக்குள்ளும் ஓர் எழுத்து இருக்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில் படிக்கிறார்கள்.

பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றிய புற்று ஈரல், நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவிவிட்டால் அதை முற்றிய நோய் என்பார்கள். இதற்கென்று 2004-ல் அமெரிக்காவில் செட்டக்சிமாப் என்னும் மருந்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. புற்றணுவின் மேல்புறத்தில், "வளர்" என்ற உத்தரவை வாங்கி உள்ளே அனுப்பும் வாயில் ஒன்றுண்டு. மருந்து அந்த வாயிலை அடைக்கும். சிலருக்குக் கேட்டது, பலருக்குக் கேட்கவில்லை.

இவ்விடத்தில் நம் புரோகிதராயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? பூர்வஜென்ம பாவம் என்று சொல்லி, இன்னொரு பரிகாரத்திற்கும் தட்சணை வாங்கியிருப்பார். ஆராய்ச்சிக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், மற்ற மருந்துகள் கைவிட்ட 572 பேரிடம் நடத்திய சோதனையில், 394 பேருடைய கட்டிகளை எடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 42 பேர் கட்டியில் கே-ராஸ் என்னும் மரபணு கெட்டிருந்தது. அது கெடாதவர்களில் மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 9.5 மாதத்தைத் தாண்டினர். பெறாதவர்களில் பாதிப்பேர் 4.8 மாதத்தைத் தாண்டினர். கெட்டவர்களுக்கோ மருந்து போட்டால் 4.5, போடாவிட்டால் 4.6!

காரணம் விவசாயிக்கு விளங்கும். மதகை இறுக்கி அடைத்துவிட்டு, பக்கத்தில் கரை உடைந்து கிடந்தால் தண்ணீர் பாயாமலிருக்குமா? கே-ராஸ் அந்த வாயிலுக்கு உட்புறத்தில் உத்தரவைக் கடத்தும் ஆள். அது கெட்டால், வாயிலை அடைத்தாலும் "வளர், வளர்" என்று தானே கூவிக்கொண்டிருக்கும்.

இந்த மருந்து இன்னாருக்கு உதவாது என்று 2009-ல் அமெரிக்காவில் மருந்தின் குறிப்பிலேயே அச்சிட்டுவிட்டார்கள். எந்த க்ஷேத்திரமாவது "இன்ன நோய்க்கு எங்கள் தீர்த்தம் பயன்படாது" என்று போர்டு போட்டதுண்டா?

நிற்க. மரபணுவைப் படியெடுக்கையில் வரும் பிழையைத் திருத்தும் சக்தியை இழந்த கட்டிகளும் உண்டு. முற்றிய நோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கும். அவர்களுக்கு, உடலின் சொந்தக் காவல் சக்தியைக் கிளப்பிவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்தை முதல் மருந்தாகவே கொடுக்க 2020-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். இவர்களில் சிலருக்கு அக்குறை பெற்றோர் வழியாக வந்திருக்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் வரிசையாகக் குடற்புற்று வருவதைக் குலசாபம் என்று பூசை போடும் குடும்பங்கள், பிள்ளைகளைச் சோதித்துக் காலத்தில் குடலைப் பார்த்துக்கொண்டால் எத்தனையோ உயிர் தப்பும்.

முற்றிய நோயெல்லாம் இதனால் குணமாகிவிடும் என்று நாம் தம்பட்டமடிக்க வரவில்லை. ஆனால் காணி நிலத்தை விற்று, தன் கட்டிக்கு ஒவ்வாத மருந்தை ஏற்றிக்கொண்டு, முகமெல்லாம் கொப்புளத்தோடு கிடப்பது எந்த ஊர் நியாயம்? ஆகையால் சீட்டு எழுதும் டாக்டரிடம், "ஐயா, கட்டியின் சதைத்துண்டில் ராஸ் பார்த்தாயிற்றா? பிழை திருத்தும் சக்தி பார்த்தாயிற்றா? முடிவு எங்கே?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.