ஒலி ஒன்றானால் உறவா?

போன வாரம் வாகையடி முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் போலவே பென்ஷன் வாங்கும் நண்பர் ஒருவர் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணாச்சி, பாத்தியளா? கொரியாக்காரனும் அம்மா, அப்பான்னுதான் சொல்லுதான். ஒலகத்துக்கே தாய்மொழி நம்ம தமிழ்தாம்லா!"

நான் சண்டைக்குப் போகவில்லை. காரணம், சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத் தமிழ் மன்ற விழாவில் இதே பட்டியலை நானே மேடையேறி முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கினேன். முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்டது: "ஐயா, சாவி, ஜன்னல், மேசை எல்லாம் போர்ச்சுக்கீசியச் சொல்லுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. அப்போ நாம போர்ச்சுக்கீசியருக்குச் சொந்தமா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு இறங்கிவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு நான் பதில் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் அம்மா, அப்பா. பல் முளைக்காத குழந்தை உதட்டை மூடித் திறந்தால் வருகிற ஒலிகள் ம, ப, ப்ப இவைதான். பக்கத்தில் நிற்கிற பெற்றோர் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் உலகம் முழுக்க இது ஒன்றுபோல இருக்கிறது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா! இதை எந்த உறவுக் கணக்கில் சேர்ப்பது?

தற்செயலும் உண்டு. ஆங்கிலத்தில் 'பேட்' என்றால் கெட்டது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் கெட்டதுதான். இரண்டு சொல்லுக்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான ம்பாபரத்தில் நாய்க்கு ஆங்கிலத்தில் போலவே 'டாக்' என்றுதான் பெயர். அதுவும் தற்செயலே.

அப்படியென்றால் மொழிகளின் உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் நம் ஜில்லாவிலேயே வாழ்ந்தார். அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் படித்து, 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த ராபர்ட் கால்டுவெல். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அவருக்கும் நாற்பது வருஷம் முன்பே, 1816-இல், சென்னையில் எல்லிஸ் துரை தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று எழுதிவிட்டார்.

ஒரு சொல் ஒத்துப்போனால் போதாது, வரிசையாக, விதி தவறாமல் ஒத்துப்போக வேண்டும். நமக்குப் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. சொல்லின் முதலில் நமக்கு 'ப' வருகிற இடத்தில் அவர்களுக்கு 'ஹ' வருகிறது. பழைய கன்னடத்தில் அவர்களுக்கும் 'ப'தான் இருந்தது என்பதற்குக் கல்வெட்டுகள் சாட்சி. கேட்பதற்கு வேறாக இருந்தாலும் ரத்த உறவு இதுதான். சாவியும் ஜன்னலும் கப்பலில் வந்த கடன். நாமும் கட்டுமரத்தையும் சுருட்டையும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். கடன் கொடுத்தவன் சம்பந்தி ஆகிவிட மாட்டான்.

சொல்தான் ஏமாற்றும், இலக்கணம் ஏமாற்றாது என்பார்கள் சிலர். அதுவும் அப்படியில்லை. 1900-இல் ஜான் மோரிஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் அறிஞர், வெல்ஷ் போன்ற கெல்டிக் மொழிகளின் வாக்கிய அமைப்பு பழைய எகிப்திய, பெர்பர் மொழிகளை ஒத்திருக்கிறது என்று எழுதினார். ஐரிஷும் கெல்டிக் மொழி. சோமாலி, எகிப்தியமும் பெர்பரும் சேர்ந்த பெருங்குடும்பத்து மொழி. அதை வைத்து ஐரிஷையும் சோமாலியையும் அண்ணன் தம்பியாக்கிவிட முடியுமா? ஐரிஷில் வினைச்சொல் வாக்கியத்தின் தலையில் வரும். சோமாலியில் பெரும்பாலும் நம்மைப் போலக் கடைசியில் வரும். வினை கடைசியில் வருவதுதான் உறவுக்கு அடையாளம் என்றால் ஜப்பான், துருக்கி, சோமாலியா எல்லாம் நமக்குப் பங்காளிகள். கால்டுவெல்லே இங்கே சறுக்கினார். சில பொது அமைப்புகளைப் பார்த்து, திராவிட மொழிகளை 'சித்திய' மொழிகளோடு சேர்த்தார். பின்னால் வந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அவருடைய முறை நின்றது, அந்த முடிவு நிற்கவில்லை.

இதில் உனக்கு என்னவே இவ்வளவு எரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். தமிழ் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது என்ன? இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களின் நீளமான பட்டியல். அது பிறப்புக்குச் சான்றல்ல, கொடுக்கல் வாங்கல்தான் என்று எல்லிஸும் கால்டுவெல்லும் காட்டினார்கள். எண்ணுப்பெயர், நான், நீ, கண், கல் போன்ற அடிப்படைச் சொற்கள், இலக்கணம், இவற்றின் ஒழுங்கை வைத்துக் காட்டினார்கள். ஒலி ஒன்றானாலே உறவு என்று கொரியாவுக்குப் பட்டியல் போடுகிறோமே, அதே பட்டியலை நாளை எதிராளி நம்மிடம் நீட்டினால் என்ன பதில் சொல்வோம்? நம் வழக்கை ஜெயித்துக் கொடுத்த சாட்சியை நாமே கோர்ட்டுக்கு வெளியே துரத்துகிறோம்.

பலுசிஸ்தானத்தில் பிராகுயி பேசுகிறவன் கண்ணை 'ஃகன்' என்கிறான், கல்லை 'ஃகல்' என்கிறான். நமக்குச் சொல்லின் முதலில் 'க', அவனுக்குத் தொண்டையிலிருந்து வருகிற ஓர் ஒலி. அங்கே இருக்கிற நிஜமான சொந்தத்தை விட்டுவிட்டு, இல்லாத சொந்தத்தைத் தேடி எதற்குக் கொரியா போக வேண்டும்?

அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும். இதைப் படித்தால், தாயி, நீ கேட்டது சரி. அன்றைக்கு மேடையில் நான் சொன்னதுதான் தப்பு.