அன்னதானத்துக்கு எண்ணிக்கை மட்டும் போதுமா?



திருவிழா முடிஞ்சதும் எல்லாக் கோயில் பக்கத்திலயும் ஒரே மாதிரி படம் வரும்: "இத்தனை ஆயிரம் பேருக்கு அன்னதானம்." நாங்களும் சந்தோஷமாத்தான் போடுவோம். ஆனா அந்தச் சோறு எத்தனை மணிக்கு வெந்தது, எத்தனை மணிக்குப் பக்தர் கைக்கு வந்ததுன்னு யாரும் போடறதில்லை.

"சாமிக்குப் படைச்சது, ஒண்ணும் ஆகாது"ன்னு பெரியவங்க சொல்வாங்க. அந்த நம்பிக்கையை நாங்க குறை சொல்லல. குளிச்சு, சுத்தபத்தமா சமைக்கணும்னு சொல்லிக் கொடுத்ததும் அவங்கதானே.

சோத்துல பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு. அரிசியிலயே அதோட வித்து இருக்கும். கொதிக்க வச்சாலும் சாகாது. வெந்த சோறு நம்ம ஊர் வெக்கையில மணிக்கணக்கா கிடந்தா அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அதனால "திரும்ப ஒரு கொதி விட்டாப் போதும்"கிற பேச்சு சரிவராது. (அந்தக் காலத்துல பயணத்துக்குப் புளியோதரை கட்டினதுக்குக் காரணம் இருக்கு. புளிப்புல கிருமி சுலபமா வளராது. தேங்காய்ச் சட்னிக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல.)

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வருஷத்துக்கு 600 மில்லியன் பேர் அசுத்தமான உணவால நோயில விழறாங்க, 420,000 பேர் இறக்கிறாங்க. இறக்கிறவங்கள்ல பத்துக்கு மூணு பேர் 5 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க. நம்ம வரிசையில நிக்கிறதும் பிள்ளைங்களும் வயசானவங்களும்தான். பசியோட வந்தவங்களை நோயோட அனுப்பினா அது என்ன தானம்?

அதே நிறுவனம் 2001-லயே ஐந்து விதிகளை எழுதி, பல நாடுகளோட சேர்ந்து பல மொழிகள்ல கொண்டுபோச்சு. சுத்தமா இரு, பச்சையையும் சமைச்சதையும் பிரிச்சு வை, நல்லா வேக வை, சரியான சூட்டுல வை, நல்ல தண்ணியும் நல்ல பொருளும் பயன்படுத்து. சமைச்ச உணவு 60 பாகைக்கு மேல சூடா இருக்கணும், இல்லன்னா வெளிய 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது. இந்தியாவுல உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'போக்' திட்டத்துல கோயில் மடைப்பள்ளிக்காரங்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருது; தமிழ்நாட்டுல பல கோயில்கள் வாங்கியிருக்கு. அங்க முடியும்னா இங்க ஏன் முடியாது?

நம்ம நாட்டுல 2009 உணவுச் சுகாதார விதிமுறைப்படி உணவைக் கையாளுறவங்க பயிற்சி வகுப்புக்குப் போகணும், டைபாய்டு ஊசியும் போடணும். சில மணி நேர வகுப்புதான். சட்டம் கோயில் தொண்டர்களை எந்த அளவுக்குக் கேக்குதுன்னு வாதாடுறதை விட, போயிட்டு வந்துடறது சுலபம். புதுசா ஒரு பெரிய அண்டா வாங்குற உபயத்தை விட, பத்துத் தொண்டர்களுக்கு வகுப்புக் கட்டணம் கட்டுற உபயம் பெரிசுன்னு நாங்க நினைக்கிறோம்.

மிச்சத்தைக் கொட்டவும் மனசு வராது. 2020-இல் வந்த உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் நல்லெண்ணத்தோட கொடுக்கிறவங்களைக் காக்குது, நம்ம கையை விட்டுப் போகும்போது உணவு நல்லா இருந்திருந்தா. அதனால மிச்சத்தைச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்காம, பந்தி நடக்கும்போதே சூடா இல்லங்களுக்கு அனுப்பலாம். வண்டி வச்சிருக்கிறவங்க உதவணும்.

அடுத்த விசேஷத்திலிருந்து எங்க பொட்டலங்கள் மேல சமைச்ச நேரம் எழுதியிருக்கும். 2 மணி நேரம் தாண்டினா நாங்க கொடுக்க மாட்டோம், கோவிச்சுக்காதீங்க. வகுப்புக்கு வர்றவங்க ஞாயிறு பூஜைக்குப் பிறகு அன்னதானக் குழுவில் பெயர் கொடுங்க. சமைக்கத் தெரியணும்னு இல்ல, பரிமாறுறவங்களும் வரலாம்.