முதலில் மதகு, அப்புறம் வாத்து

வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி அரியலூர் பக்கம் கரைவெட்டிக்கு வருகிறது. உடனே வேன் பிடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். வழிகாட்டி விரலை நீட்டுகிறார், எல்லோரும் திரும்புகிறார்கள், கிளிக், முடிந்தது! பங்குனி வெயில் ஏறும்போது வாத்தும் வடக்கே போய்விடும்.

ஏரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்கிறார்களா? ம்ஹூம்.

கோடியக்கரைக்குக் கடல் இருக்கிறது. கரைவெட்டி பாசன ஏரி, சுமார் 454 ஹெக்டேர். மழை போக, மேட்டூரில் திறக்கிற காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்காலில் வந்தால்தான் நிறையும். 1999-ல் சரணாலயம் ஆனது (அப்போது பெரம்பலூர் மாவட்டம்). 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் பட்டியல் தண்ணீர் கொண்டுவராது சார்.

பறவைக்கு ஏரியில் தண்ணீர் நிற்கணும். விவசாயிக்கு அதே தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகணும். இரண்டுமே நியாயம். இந்த இழுபறியைப் பற்றி மூச்சு விடாமல், இறகின் நிறத்தையும் வாயில் நுழையாத லத்தீன் பெயரையும் மட்டும் ஒப்பிப்பதற்குப் பெயர் இயற்கைக் கல்வியாம்!

கூட்டிப்போகிறவர்கள் முதலில் மதகடிக்குக் கூட்டிப்போகட்டும். இந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வந்தது, எத்தனை நாள் வந்தது என்று அங்கிருக்கும் விவசாயியிடம் கேட்கட்டும். பைனாகுலரை அப்புறம் எடுக்கலாம்.