சாவு மேளமா, சந்தோஷ மேளமா?

கல்யாணப் பேச்சு நடக்கும்போது, "ஊர்வலத்துக்குப் பறை வைக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நாதஸ்வரம் சரி, பாண்டு வாத்தியம் சரி, செண்டை மேளம்கூடச் சரி. பறை என்றதும் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறிவிடும். "நல்ல காரியம் நடக்கிற இடத்தில் என்ன பேச்சு இது! அது சாவு மேளமாயிற்றே!" என்பார்கள்.

பாவம், அந்த வாத்தியம் செய்த குற்றம்தான் என்ன?

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் "பறஞ்ஞு" என்றால் "சொன்னான்" என்றுதான் அர்த்தம். சேதி சொன்ன வாத்தியம் அது. நல்ல சேதியையும் சொல்லியிருக்கிறது, கெட்ட சேதியையும் சொல்லியிருக்கிறது.

அதன் செய்முறையில் நம் சமையலறைக்கும் பங்கு உண்டு. வட்டமான மரச் சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசைதான் பயன்படுகிறது. வாசிப்பதற்கு முன்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். ஈரம் வற்றித் தோல் விறைக்கும். நாதம் கணீரென்று கிளம்பும். வலது கையில் கட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீளக் குச்சி. இரண்டும் சேர்ந்து பேசத் தொடங்கினால் நம் கால்கள் நம் பேச்சைக் கேட்காது!

களமருதூர் போன்ற கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களாகட்டும், தமிழ்நாட்டின் வேறு எந்தக் கிராமமாகட்டும், அம்மன் திருவிழாவுக்கும் பறை உண்டு, சாவுக்கும் பறை உண்டு. ஆனால் வாசித்தவருக்கு மரியாதை மட்டும் கிடையாது. கூப்பிட்டால் வரவேண்டும். வரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. தள்ளி நிற்கவேண்டும். கூலி, கொஞ்சம் தானியமும் மிச்சச் சோறும். பிற்பாடு அதோடு சாராயமும் சேர்ந்துகொண்டது. மாட்டுத் தோலைக் காரணம் காட்டி வாத்தியத்தையும், பிறப்பைக் காரணம் காட்டி மனிதரையும், "தொடாதே" என்று ஒதுக்கினோம். தண்டோரா போடும் வழக்கத்துக்கே 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு முற்றுப்புள்ளி வைத்தது.

அதனால்தான் பல ஊர்களில் இளைஞர்கள், "இனிமேல் சாவுக்கு அடிக்கமாட்டோம்" என்று பறையைத் தூக்கி எறிந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கட்டாயத்தை எறிவதற்காகச் சங்கீதத்தையும் எறிந்துதான் ஆகவேண்டுமா?

இந்தக் கேள்விக்குத் தென்னாப்பிரிக்கக் கறுப்பு மக்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். 1955-இல் ஜோஹன்னஸ்பர்க் நகரின் சோஃபியாடவுன் பகுதியிலிருந்து வெள்ளை அரசாங்கம் அவர்களைப் போலீஸை வைத்து வெளியேற்றி, 'மெடோலேண்ட்ஸ்' என்ற இடத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தது. மறு வருஷமே அந்த ஊரின் பெயரில் ஒரு குதூகலமான பாட்டு வந்தது. அதிகாரிகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "ஆஹா, நம் திட்டத்தைப் புகழ்கிறார்கள்!" என்று நினைத்தார்கள். உள்ளே இருந்த குத்தல், ஆடிப் பாடிய மக்களுக்கு மட்டும் புரிந்தது!

அந்த நாட்டுப் பாடகி மிரியம் மகேபாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறந்த பதினெட்டாவது நாளே தாயாருடன் ஜெயிலுக்குப் போன குழந்தை அவர். வயிற்றுப்பாட்டுக்காக வீட்டில் பீர் காய்ச்சி விற்றதுதான் தாயார் செய்த குற்றம். 1960-இல் அந்தத் தாயார் இறந்தபோது அமெரிக்காவிலிருந்த மகளால் போய் முகம் பார்க்க முடியவில்லை. பாஸ்போர்ட்டை அரசாங்கம் ரத்து செய்துவிட்டது. 1963-இல் ஐக்கிய நாடுகள் சபையில் நிறவெறியைப் பற்றிப் பேசினார். உடனே அவருடைய இசைத்தட்டுகளுக்குத் தாய்நாட்டில் தடை. 1990-இல்தான் அவரால் ஊர் திரும்ப முடிந்தது.

இத்தனை துக்கத்துக்கு நடுவே, 1967-இல் உலகத்தையே ஆட வைத்தது அவருடைய 'பாட்டா பாட்டா' என்ற பாட்டு. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? "தொடு, தொடு" என்று அர்த்தம்! வெறும் ஆட்டப் பாட்டுத்தான். ஆனால் நிறம் மாறிக் கல்யாணம் செய்துகொள்வதையே சட்டம் போட்டுத் தடுத்த நாட்டிலிருந்து அப்படி ஒரு பாட்டு! அழ வைக்கப் பார்ப்பவன் முன்னால் ஆடிக் காட்டுவதும் ஒருவகைச் சத்தியாக்கிரகம்தான்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. நடத்திக் காட்டியவர்கள் பெண்கள் என்பதுதான் விசேஷம். பறை ஆண்களின் வாத்தியம் என்று இருந்த காலத்தில், திண்டுக்கல்லில் சந்திரா என்ற கன்னியாஸ்திரீ 'சக்தி' என்ற கலைக்குழுவைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். எதைச் சொல்லி இழிவு செய்தார்களோ, அதையே ஏந்தி நிமிர்ந்து நின்றார்கள். கட்டாயம் போயிற்று, தாளம் நிலைத்தது.

சென்னையில் 2018-இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு மேடை ஏறியது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவை அதில் பாடிய இசைவாணியை, 2020-இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

டில்லி கொடுத்த மரியாதையை நம் வீதி கொடுக்கவேண்டாமா? அது குடும்பத் தலைவிகளாகிய நம் கையில்தான் இருக்கிறது. இப்போது சில கல்யாணங்களில் பறையாட்டம் வைக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் பறையைக் கூப்பிட்டு வைத்தால் மட்டும் போதுமா? நாதஸ்வர வித்துவானுக்குப் பேசுவதுபோல் முன்கூட்டியே சம்பாவனை பேசுங்கள். பாட்டிலை நீட்டாமல் பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலி போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். வாசலில் வாசித்தவருக்கு வாசலிலேயே பொட்டலம் கொடுத்து அனுப்புகிறார்களா, அல்லது சம்பந்தி வீட்டாருக்குப் போட்ட அதே பந்தியில் இலை போட்டிருக்கிறார்களா? மேளம் சாவு மேளமா, சந்தோஷ மேளமா என்பதை அந்த இலைதான் சொல்லும்.