கழற்றி வைத்த டிஸ்க்தான் கைகொடுக்கும்

தோட்டத்துச் சம்பளக் கணக்கு இன்று கணினிக்குள் இருக்கிறது. யாருக்கு முழுநாள் பேர், யாருக்கு அரைநாள் பேர், எத்தனை கிலோ கொழுந்து, சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிவு என்பதெல்லாம் செக்ரோல் பதிவேட்டிலிருந்து அங்கே ஏறிவிட்டது. சம்பளத்துக்கு முதல் நாள் அந்தக் கணினி விழுந்தால், காத்திருப்பது காரியாலயம் அல்ல. கடைக் கடனை அடைக்க வேண்டிய லயத்துக் குடும்பங்கள். விழுந்த கணினி எத்தனை மணி நேரத்தில் எழும் என்பதற்கு ஒவ்வொரு காரியாலயத்திடமும் பதில் இருக்க வேண்டும்.

ஹாலிஎலயில் கணினி திருத்தும் கடை நடத்துகிறேன். இடி மின்னலும் கரண்ட் போய்ப் போய் வருவதும் எங்கள் பக்கத்தில் கணினிகளைப் பாடாய்ப் படுத்துகின்றன. செத்த ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது சின்ன வேலை. அதற்குப் பிறகு விண்டோஸ், பிரிண்டர் டிரைவர், தமிழுக்குப் பாமினி எழுத்துரு, சிங்களத்துக்கு எஃப்எம் அபய எழுத்துரு, சம்பள மென்பொருள், அதன் லைசன்ஸ் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அதில்தான் நாட்கள் போகின்றன.

டிஸ்க் இமேஜ் இந்த நாட்களை மிச்சப்படுத்துகிறது. எல்லாம் சரியாக ஓடும்போதே, விண்டோஸ், மென்பொருள், அமைப்புகள், கோப்புகள் உட்பட முழு டிஸ்க்கையும் அப்படியே வெளி டிஸ்க் ஒன்றில் பதிந்து வைப்பது அது. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் போட்டாலே போதும். பழுது வந்தால், பழையதற்குச் சமமான அல்லது பெரிய புதிய டிஸ்க்கில் அதை இறக்கலாம். பெரும்பாலான காரியாலயக் கணினிகள் ஓரிரு மணி நேரத்தில் பழையபடி வேலைக்கு வந்துவிடும்.

ஆனால் இமேஜ் எடுத்த நாளுக்குப் பிந்திய கணக்கு அதில் இராது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியபோது நாடே இதைப் பார்த்தது. சேவை 12 மணி நேரத்துக்குள் மீண்டது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பில் இருந்த பேக்கப்பும் தாக்கப்பட்டிருந்தது. கழற்றி வைத்த பிரதியில் அந்த மாதங்கள் இல்லை. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. கொழும்புக்கே அந்தக் கதி என்றால், ஒரே கணினியை நம்பியிருக்கும் தோட்டக் காரியாலயம் எந்த மூலைக்கு?

ஆகவே இமேஜும் வேண்டும், அன்றாடக் கணக்கின் பிரதியும் வேண்டும். மென்பொருள் மாறும்போதெல்லாம் புது இமேஜ். மாலையில் கணக்கை மூடியதும் சம்பளக் கோப்புக்கு ஒரு பிரதி. பதிந்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியே கிடந்தால் வைரஸ் அதையும் தின்றுவிடும். அதே மேசை லாச்சிக்குள்ளும் வைக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தை மண்சரிவு மூடிய பதுளை மாவட்டம் இது; கட்டிடம் போனால் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும். டிஸ்க்குக்குப் பூட்டும் கடவுச்சொல்லும் அவசியம். அதில் இருப்பது மக்களின் அடையாள அட்டை இலக்கமும் சம்பளமும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒத்திகை. இறக்கிப் பார்க்காத இமேஜை நம்ப முடியாது. வருடத்துக்கு ஒரு முறையாவது வேறொரு டிஸ்க்கில் இறக்கி, ஒரு சம்பளப் பட்டியலை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் இதற்கான செலவை வருடாந்தக் கணக்கிலேயே ஒதுக்கட்டும். தொழிற்சங்கங்களும் சம்பளப் பேச்சில் இந்தக் கேள்வியை எழுப்பட்டும்: கணினி இன்று விழுந்தால், எங்கள் சம்பளம் என்றைக்குக் கைக்கு வரும்?