கயிற்றை இழுத்தால் போதுமா?

திருவிழாப் பந்தலிலும், மின்தடையின்போது கடைகளிலும் ஓடும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைப் பார்த்திருப்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலால் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நேரங்களில் இது பேருதவி. ஆனால், கயிற்றைச் சுண்டி இழுத்து அதை ஓட்டத் தெரிந்தவர்களில் பலர், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். அந்த அறியாமைதான் விபத்துக்கு வித்து என்பது என் கருத்து.

ஜெர்மனியில் 1876-இல் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு முறையில்தான் இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவை இயங்குகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் சிலிண்டருக்குள் நுழைகின்றன. அது மேலே ஏறும்போது அக்கலவை அழுத்தப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறித்ததும் கலவை எரிந்து, சூடான வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மீண்டும் ஏறும் பிஸ்டன் புகையைச் சைலன்சர் வழியே வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில் இது நொடிக்கு 25 தடவை நடைபெறுகிறது!

ஆக, எஞ்சினும் நம்மைப்போலவே மூச்சு விடுகிறது. 1 லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 9 கன மீட்டர் காற்று வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள ஓர் அறையின் காற்றில் இது மூன்றில் ஒரு பங்கு. அரைகுறையாக எரியும் பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இதனைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். உறங்குபவர் விழிப்பதே இல்லை.

"மழையில் நனையுமே, திருடு போகுமே" என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைப்பவர்கள் உண்டு. சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பாரும் உண்டு. போதாது! கதவு, சன்னல்களுக்கு எட்டத்தில், திறந்த வெளியில்தான் அது ஓட வேண்டும். மழையென்றால் நான்கு பக்கமும் திறந்த கொட்டகை போதும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது, தரையோடு தவழும். சூடான எஞ்சினின் அருகே அது தீப்பிடிக்க நேரமாகாது. எனவே எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்ட பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும். பழுது பார்க்குமுன் ஸ்பார்க் பிளக்கின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பொறி இல்லையேல் எஞ்சின் திடீரென்று உயிர் பெறாது.

பார்த்தீர்களா? இவை மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகள் அல்ல. எஞ்சின் இயங்கும் முறையிலிருந்தே பிறப்பவை. அதனால்தான் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் பழுதான எஞ்சின் ஒன்றை மாணவர் கையாலேயே பிரித்துப் பார்க்கச் செய்ய வேண்டும் என்கிறேன். நான்கு வீச்சுகளின் படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓடும்போது "அப்பா, இதை வெளியே வையுங்கள்" என்று சொல்லாவிட்டால், அந்தப் படிப்பினால் என்ன பயன்?