வல்லான் வகுத்ததே வாய்க்காலா?

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பது பழமொழி. உலக அரசியலிலும் நெடுங்காலம் இதுவே நடைமுறை. இரண்டு உலகப் போர்களின் அழிவுக்குப் பிறகுதான், 1945-ல் 51 நாடுகள் சேர்ந்து ஐக்கிய நாடுகள் சபையை அமைத்தன. ஐந்து வல்லரசுகளின் 'வீட்டோ' அதிகாரத்தால் அச்சபை பலமுறை கைகட்டி நின்றது உண்மை. ஆகவே இத்தகைய பொது அமைப்புகளே வீண் என்று பேசுவோர் உண்டு. பெங்களூர்த் தமிழர் அப்படிப் பேச முடியாது. காவிரி அவர்களுக்கு வேறு பாடம் கற்பித்திருக்கிறது.

1892, 1924 ஒப்பந்தங்கள் மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் மட்டும் செய்துகொண்டவை. பிரிட்டிஷ் ஆட்சியின் பலம் அன்று சென்னையின் பக்கம் இருந்தது என்பது கர்நாடகத்தின் நெடுநாள் மனக்குறை. இன்றோ மேல்மடை கர்நாடகத்தின் கையில். கவலை தஞ்சை விவசாயிக்கு. பலம் கைமாறும்போது குறையும் கைமாறுகிறது.

இருவர் பேசித் தீராத வழக்கு 1990-ல் நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. அதன் இடைக்கால உத்தரவு 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழர் பலர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினர். நீர்ப் பங்கீட்டில் எந்தச் சம்பந்தமும் இல்லாத கூலித் தொழிலாளரின் குடிசைகள் எரிந்தன. 2016 செப்டம்பரிலும் பஸ்கள் எரிந்தன.

2018-ல் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. பெங்களூரின் குடிநீருக்கென்றே 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கிடைத்தது, அதை இங்குள்ள தமிழரும்தான் குடிக்கின்றனர். அவ்வாண்டு ஜூனில் மத்திய அரசும் மூன்று மாநிலங்களும் புதுச்சேரியும் இடம்பெறும் மேலாண்மை ஆணையம் அமைந்தது.

2023-ல் மழை பொய்த்தது. வினாடிக்கு 5,000 கன அடி வீதம் 15 நாள் நீர்விட ஆணையம் உத்தரவிட்டது. போதாது என்றது தமிழ்நாடு. முடியாது என்றது கர்நாடகம். பந்த் நடந்தது. ஆனால் 1991 திரும்பவில்லை. சண்டை தெருவில் அல்ல, மேஜையில் நடந்தது.

பொது அமைப்பு எல்லோரையும் திருப்திப்படுத்தாது. ஆனால் அது இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது வலியவன் அல்ல. உலகில் சிறிய நாடு, ஊரில் அன்றாடங்காய்ச்சி. பற்றாக்குறை ஆண்டில் நீரை எப்படிப் பகிர்வது என்பதற்கு இரு தரப்பும் ஏற்கும் தெளிவான கணக்கை ஆணையம் வகுக்க வேண்டும். வீட்டோவின் பிடியைத் தளர்த்த ஐ.நா.வும் வழி காண வேண்டும். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்களே தவிர, வீட்டை இடிப்பதில்லை.